இலவசமாகக் கிடைப்பதெல்லாம் ஹலாலா?

 



பாங்கு சொன்னதும் நம் கடைவீதியில் எத்தனையோ வியாபாரிகள் சரக்கின் மீது ஒரு துணியைப் போர்த்திவிட்டுத் தொழ வந்துவிடுகிறார்கள். காவலுக்கு ஆள் கிடையாது. வழியில் போகிறவன் அந்தத் துணியைத் தூக்கி ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு போவதில்லை. காரணம் போலீஸ் பயம் மட்டுமல்ல. "இது இன்னாருடைய பொருள்" என்று உள்ளம் சொல்கிறது.

அதே மனிதர், அதே நாள் இரவு, கைப்பேசியில் டெலிகிராமைத் திறக்கிறார். நேற்று வெளியான படம் அங்கே கிடக்கிறது. ஒரு தட்டு தட்டுகிறார். பார்த்து முடித்ததும் குடும்ப குரூப்புக்கும் அனுப்பி வைக்கிறார். உள்ளம் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு காலத்தில் காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் கள்ள சிடி வாங்குகிறவன் அக்கம்பக்கம் பார்த்து வாங்கினான். இன்று அந்தக் கூச்சமும் போய்விட்டது. ஆலோசனை நிறுவனமான இ.ஒய். 2024இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் படம், பாட்டு, தொடர் பார்ப்பவர்களில் 51 சதவீதம் பேர் திருட்டு வழியைப் பயன்படுத்துகிறார்கள் என்றும், 2023இல் மட்டும் இந்தக் கள்ளச் சந்தையின் அளவு 22,400 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டது. இரண்டு பேருக்கு ஒருவர் என்றால், நம் ஸஃப்பிலும் அந்தக் கணக்கு இருக்கத்தான் செய்யும்.

கடையில் தொடாத கை கைப்பேசியில் மட்டும் ஏன் தொடுகிறது? இன்றைய பயானின் கேள்வி இதுதான். இளைஞர்களிடம் கேட்டால் பெரும்பாலும் நான்கு பதில்கள் வருகின்றன. ஒவ்வொன்றையும் மார்க்கத்தின் தராசில் வைத்துப் பார்ப்போம்.

முதல் பதில்: "எடுத்ததால் எதுவும் குறையவில்லையே?"

"ஹஜ்ரத், சட்டையை எடுத்தால் கடைக்காரருக்கு ஒரு சட்டை குறைகிறது. படத்தை நகல் எடுத்தால் அவரிடம் படம் அப்படியேதானே இருக்கிறது?" என்கிறார்கள். நல்ல கேள்வி. மார்க்கச் சட்டத்தில் கை வெட்டும் தண்டனைக்குரிய 'ஸரிகா' என்ற திருட்டுக்குப் பல நிபந்தனைகள் உண்டு. பாதுகாப்பான இடத்திலிருந்து பொருளை மறைவாக எடுப்பது அவற்றில் ஒன்று. நகல் எடுப்பது அந்த வரையறைக்குள் வராது என்பது உண்மைதான். ஆனால் ஸரிகா இல்லை என்றால் ஹலால் என்று அர்த்தமா? அபகரிப்பு, மோசடி, அமானிதத்தில் துரோகம் எதற்கும் கை வெட்டு இல்லை. அவை அத்தனையும் ஹராம்தான்.

புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்கு பி.ஆர்.டி.சி. பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் போகிறவனும் இதையே சொல்லலாம். பஸ் எப்படியும் ஓடுகிறது, சீட் காலியாகக் கிடக்கிறது, நான் உட்கார்ந்ததால் சீட் தேய்ந்துவிட்டதா என்று கேட்கலாம். அவனை நாம் நேர்மையானவன் என்று சொல்ல மாட்டோம். அவன் பஸ்ஸை எடுக்கவில்லை. பஸ்ஸின் பயனை எடுத்தான். அந்தப் பயனுக்கு ஒரு விலை இருந்தது.

நம் ஊரில் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபினரும் ஒரே ஸஃப்பில் நிற்கிறோம். ஷாஃபிஈ மத்ஹபில் பொருளின் பயனும் சொத்துதான். ஒருவருடைய வீட்டை அபகரித்துக் குடியிருந்தவன், வீட்டைத் திருப்பிக் கொடுத்தாலும், இருந்த நாட்களுக்கு உரிய வாடகையைக் கொடுக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபின் முன்னோர்கள், கையால் தொட்டுச் சேமித்து வைக்கக்கூடியதையே சொத்து என்றார்கள். ஆனால் பின்னால் வந்த ஹனஃபி அறிஞர்கள் வக்ஃப் சொத்து, அநாதையின் சொத்து, வருமானத்துக்கென்றே வைக்கப்பட்ட சொத்து ஆகிய மூன்றிலும் பயனுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். ஒரு படமும் பாட்டும் மென்பொருளும் வருமானத்துக்கென்றே ஆக்கப்பட்டவை அல்லவா?

1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாசிரியரின் உரிமையும் கண்டுபிடிப்பாளரின் உரிமையும் பண மதிப்புள்ளவை, ஷரீஅத்தின் பாதுகாப்புக்கு உரியவை, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று முடிவு செய்தது. இதில் கருத்து வேறுபாடு இல்லாமல் இல்லை. தேவ்பந்த் உலமாக்களில் மூத்தவர்கள் சிலர், எழுதிய நூலைப் பிறர் அச்சிடாமல் தடுக்கும் உரிமை கிடையாது என்று கருதினார்கள். இல்மைப் பூட்டி வைக்கக் கூடாது என்பது அவர்களுடைய கவலை. முஃப்தி தகீ உஸ்மானி போன்ற பின்னவர்கள் அந்த உரிமையை ஏற்றார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மூத்தவர்கள் பேசியது மார்க்க நூல் மக்களிடம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. வெள்ளிக்கிழமை வெளியான படத்தை வெள்ளிக்கிழமையே ஓசியில் பார்ப்பதற்கு அவர்களைத் துணைக்கு அழைப்பது நியாயமா?

ஒருவர் உழைப்பை இன்னொருவர் எடுத்துக்கொள்வது நம் முன்னோர்களுக்குத் தெரியாத விஷயமும் அல்ல. ஹிஜ்ரி 911இல் வஃபாத்தான இமாம் ஸுயூத்தி (ரஹ்), தம் நூல்களிலிருந்து எடுத்துத் தம் பெயரில் போட்டுக்கொண்டவர்களைக் கண்டித்து ஒரு ரிஸாலாவே எழுதினார்கள். நூலாசிரியனுக்கும் திருடனுக்கும் உள்ள வித்தியாசம் என்பதுதான் அதன் தலைப்பு.

இரண்டாவது பதில்: "அவர்கள் கோடீஸ்வரர்கள்"

நடிகருக்குக் கோடிகளில் சம்பளம், நான் தரும் இருநூறு ரூபாயிலா அவர் பிழைக்கிறார் என்கிறார்கள். சூரத்துன் னிஸாவின் 135ஆம் வசனத்தில் அல்லாஹ் நீதியைப் பற்றிப் பேசும்போது, ஒருவர் பணக்காரரோ ஏழையோ, அதைப் பார்த்து நீதியை வளைக்காதீர்கள், இருவர் விஷயத்திலும் அல்லாஹ்வே மிக உரியவன் என்ற கருத்தைச் சொல்கிறான். பணக்காரனுடைய பொருள் ஏழைக்கு ஹலால் என்று எந்த இமாமும் எழுதவில்லை. பணக்காரன் செல்வத்தில் ஏழைக்கு ஹக் உண்டு; அதன் பெயர் ஜகாத். அதை அவர் கொடுக்க வேண்டும். நாமாகக் கை வைத்து எடுத்தால் அது ஜகாத் ஆகாது.

சினிமா என்பது நடிகர் மட்டும்தானா? நம் ஊர் வீதிகளில் படப்பிடிப்பு நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். விளக்கு தூக்குகிறவர், வண்டி ஓட்டுகிறவர், சமைப்பவர், துணி தைப்பவர் என்று ஒரு கூட்டமே நிற்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து படப்பிடிப்பு நின்றபோது, தினக்கூலித் தொழிலாளர்களுக்கு அரிசி வாங்க உதவுங்கள் என்று சென்னையில் அவர்களுடைய சம்மேளனமான பெப்சி வேண்டுகோள் விடுத்தது. நீங்கள் திருட்டில் பார்க்கும் படத்துக்கு அவருக்குக் கூலி கிடைத்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் போட்ட பணம் திரும்பாத சின்னத் தயாரிப்பாளர் அடுத்த படம் எடுக்க மாட்டார். கோடீஸ்வர நடிகருக்கு அது தெரியவே தெரியாது. அடுத்த வேலை இல்லாமல் போவது விளக்கு தூக்குகிறவருக்குத்தான்.

மூன்றாவது பதில்: "எல்லோரும்தான் செய்கிறார்கள்"

நபி (ஸல்) அவர்கள் பாவத்துக்கு ஓர் அடையாளம் சொன்னார்கள்: அது உன் நெஞ்சை உறுத்தும், மக்களுக்குத் தெரிவதை நீ விரும்ப மாட்டாய் என்ற கருத்தில். (நூல்: முஸ்லிம்) எல்லோரும் செய்யும்போது அந்த உறுத்தல் மரத்துப்போகிறது. பாவம் குறைந்துவிடவில்லை, உணர்ச்சிதான் குறைந்தது.

சின்ன விஷயம்தானே என்பவர்கள் கைபர் சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். நபியவர்களின் பணியாளர் ஒருவர் அம்பு பட்டு இறந்தார். அவருக்கு சுவனம் நிச்சயம் என்று மக்கள் வாழ்த்தினார்கள். இல்லை, பங்கிடுவதற்கு முன் அவர் எடுத்துக்கொண்ட போர்வை அவர் மீது நெருப்பாக எரிகிறது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்ட ஒருவர், தாம் எடுத்து வைத்திருந்த செருப்பு வாரைக் கொண்டுவந்து போட்டார். அதுவும் நெருப்பு வார்தான் என்றார்கள். (நூல்: புகாரி, முஸ்லிம்) ஒரு படை முழுவதற்கும் சொந்தமான பொருளில் ஒரு செருப்பு வார்! யாருக்கு எவ்வளவு குறைந்துவிடும்? அதற்கே இந்த எச்சரிக்கை.

இதில் பரப்புகிறவர் நிலை இன்னும் பயங்கரமானது. கெட்ட வழியைத் தொடங்கி வைத்தவருக்கு, அதில் நடப்பவர்களின் பாவமும் சேரும் என்ற ஹதீஸை நாம் அறிவோம். (நூல்: முஸ்லிம்) டெலிகிராமில் ஒரு சேனல் நடத்தும் இளைஞன் தூங்கும்போதும் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஸதகா ஜாரியாவுக்கு நேர் எதிரான ஒரு முதலீடு இது. திருட்டுத் தளங்களைத் திறந்தால் சூதாட்ட ஆப்களின் விளம்பரமும் ஆபாச விளம்பரமும் பாய்ந்து வருகின்றன. "இலவசம்" என்பது அந்தப் பணத்தில்தான் நடக்கிறது.

துன்யாவின் கணக்கும் உண்டு. 2018 மார்ச்சில் தமிழ்ராக்கர்ஸ் தளத்தோடு தொடர்புடையவர்கள் என்று கேரள காவல்துறை கைது செய்தவர்களில் நமக்குப் பக்கத்து விழுப்புரத்துக்காரர்களும் இருந்தார்கள். 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி, திரையரங்கில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தாலோ பரப்பினாலோ 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது 3 லட்சம்; படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். பெற்றோர்களே, பிள்ளையின் கையிலிருக்கும் 'சேனல் அட்மின்' என்ற பட்டம் உங்களுக்குச் சாதாரணமாகத் தெரியலாம். ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

நான்காவது பதில்: "சினிமாவே ஹராம், அதில் என்ன உரிமை?"

பள்ளிவாசலுக்கு வருகிறவர்களிடம்தான் இந்தப் பதில் அதிகம் கேட்கிறது. இசையும் சினிமாவும் ஹராம், ஹராமான பொருளுக்கு மதிப்பு இல்லை, மதிப்பு இல்லாததை எடுத்தால் குற்றம் இல்லை என்று வரிசையாகச் சொல்கிறார்கள். கேட்கும்போது ஃபிக்ஹ் மாதிரி இருக்கிறது.

ஃபிக்ஹ் நூல்கள் என்ன சொல்கின்றன? மதுவை விடக் கடுமையான ஹராம் நமக்கு எது? இஸ்லாமிய ஆட்சியில் வாழும் முஸ்லிமல்லாதவரின் மதுவை ஒரு முஸ்லிம் அழித்தால், அதன் விலையைக் கொடுக்க வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு. ஷாஃபிஈ மத்ஹபில் விலை கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அரபுக் கல்லூரிகளில் ஓதிக்கொடுக்கப்படும் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் என்ன சொல்கிறது? அவர் அதைப் பகிரங்கமாகக் குடிக்கவோ விற்கவோ செய்யாதவரை நாம் அதைக் கொட்டக்கூடாது. பறித்த மது அப்படியே இருந்தால் அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சட்டம். இரண்டு மத்ஹபிலும், "ஹராம்தானே" என்று பறித்துவந்து தானே உட்கார்ந்து குடிப்பதற்கு வழி வைக்கப்படவில்லை.

நாம் செய்வது அதுதான். படம் ஹராம் என்று நீங்கள் உண்மையில் நம்பினால், பார்க்காதீர்கள். பார்க்கிறீர்கள் என்றால், ஹராம் என்ற வாதத்தை உரிமையாளருக்கு எதிராக மட்டும் தூக்காதீர்கள். ஹராம் என்பது கண்ணைத் தடுக்கவில்லை, பர்ஸை மட்டும் தடுக்கிறது என்றால் அதன் பெயர் தக்வா அல்ல. அங்கே ஒரு பாவம் இரண்டாகிறது. ஒன்று அல்லாஹ்வுக்கும் உங்களுக்கும் இடையிலானது. மற்றொன்று அடியாருடைய ஹக்.

அவர் நம் மார்க்கத்தவர் அல்லவே என்றும் சொல்லாதீர்கள். முகீரா இப்னு ஷுஃபா (ரலி) இஸ்லாத்துக்கு முன் தம்மோடு பயணித்த இணைவைப்பாளர்கள் சிலரைக் கொன்று, அவர்கள் பொருளை எடுத்துக்கொண்டு வந்து முஸ்லிமானார்கள். அவருடைய இஸ்லாத்தை ஏற்பதாகவும், அந்தப் பொருளோடு தமக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறிவிட்டார்கள். (நூல்: புகாரி) தம்மைக் கொல்லத் திட்டமிட்ட மக்காவாசிகளின் அமானிதங்களை ஒப்படைப்பதற்காக, ஹிஜ்ரத்தின் இரவில் அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்ற நபியின் உம்மத் நாம்.

பாட்டு எப்படிப் பொதுவானது?

"பாட்டு என்பது மக்கள் சொத்து" என்றும் சிலர் சொல்கிறார்கள். நம் ஊரோடு தொடர்புள்ள ஓர் உதாரணம் உண்டு. பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். அவருடைய பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை, பிற்காலத்தில் ஏ.வி.எம். நிறுவனத்தின் கைக்குப் போனது. 1948இல் பில்ஹணன் படத்தில் பாரதி பாடல் வந்ததற்கு அந்த நிறுவனம் சட்ட நடவடிக்கை எடுத்தபோது, பாரதி மக்களுக்குச் சொந்தம் என்ற குரல் தமிழகமெங்கும் எழுந்தது. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் உரிமைகளைப் பொதுவாக்க முன்வந்தது. ஏ.வி.மெய்யப்பன் தம்மிடமிருந்த உரிமையை விட்டுக்கொடுத்தார். நூல்களின் உரிமைக்குப் பாரதியின் குடும்பத்தாருக்கு அரசு பணம் கொடுத்தது. அதன் பிறகே அந்தப் பாடல்கள் எல்லோருக்கும் பொதுவாயின.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. வக்ஃப் எப்படி உண்டாகிறது? உரிமையாளர் மனமுவந்து கொடுத்தால் உண்டாகிறது. விலை கொடுத்து வாங்கியும் வக்ஃப் செய்யலாம். பிறர் நிலத்தில் புகுந்து, இது இனிமேல் பொது என்று பலகை நட்டால் அது வக்ஃப் ஆகாது. ஒரு முஸ்லிமின் பொருள் அவருடைய மனமார்ந்த சம்மதம் இல்லாமல் ஹலால் ஆகாது என்பது நபிமொழி. (நூல்: அஹ்மத்) முஸ்லிமல்லாத அண்டை வீட்டாரின் பொருளையும் நாம் இப்படித்தான் மதிக்க வேண்டும்.

நம் வீட்டுக்குள்ளும் பார்ப்போம்

இது சினிமாவோடு முடிவதில்லை. நாகூர் ஹனிபா அவர்களின் பாடல்கள் எத்தனை வீடுகளில் நகல் கேசட்டாக ஒலித்தன! இன்று தமிழில் வரும் தஃப்ஸீர், ஹதீஸ் மொழிபெயர்ப்புகளை முழுதாக ஸ்கேன் செய்து "ஸவாபுக்காக" குரூப்களில் போடுகிறோம். அந்தப் பதிப்பகம் பத்துப் பிரதி விற்க முடியாமல் தவிக்கிறது. மூல அரபு நூலுக்கு உரிமையாளர் இல்லைதான். ஆனால் அதை மொழிபெயர்த்தவரும், திருத்தி அச்சிட்டவரும் உயிரோடு இருக்கிறார்கள். வியாபாரிகளே, கணக்குப் பார்க்கும் மென்பொருளும், பிளக்ஸ் அடிக்கும் கடையின் போட்டோஷாப்பும் கள்ளப் பிரதியா என்று பாருங்கள். அவை பொழுதுபோக்கு அல்ல. உங்கள் ரிஸ்க்கோடு கலப்பவை. ஓடிடி கணக்கு வாங்கும்போது நாம் சம்மதித்த நிபந்தனைகளும் ஒப்பந்தம்தான். முஸ்லிம்கள் தங்கள் நிபந்தனைகளைப் பேணுவார்கள் என்ற ஹதீஸ் அதற்கும் பொருந்தும். (நூல்: அபூதாவூத், திர்மிதி)

ஏழை மாணவன் என்ன செய்வான்? சட்டமே அவனுக்கு இடம் வைத்திருக்கிறது. பாடத்துக்காகப் புத்தகப் பகுதிகளை நகல் எடுத்துத் தொகுப்பது குறித்து டெல்லிப் பல்கலைக்கழக வழக்கில், 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நூலாசிரியர் இறந்து 60 ஆண்டுகள் முடிந்தால் இந்தியாவில் அவருடைய நூல் பொதுவாகிவிடும். மதுரைத் திட்டம் போன்ற இடங்களில் தமிழ் நூல்கள் முறையாகவே இலவசமாகக் கிடைக்கின்றன. நம் ஊர் ரோமன் ரோலண்ட் நூலகம் 1827 முதல் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதில் உறுப்பினர்? ஹலாலான இலவசம் இத்தனை இருக்க, ஹராமான இலவசத்தை ஏன் தேட வேண்டும்?

தவ்பா எப்படி?

முஃப்லிஸ் என்னும் திவாலானவர் பற்றிய ஹதீஸை அறிவீர்கள். தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு மஹ்ஷருக்கு வருவார். அவரால் பாதிக்கப்பட்டவர்கள் வந்து அவருடைய நன்மைகளை எடுத்துக்கொண்டே போவார்கள். (நூல்: முஸ்லிம்) இந்த உலகில் முகம் தெரியாத உரிமையாளர்கள் அன்று முகத்தோடு வந்து நிற்பார்கள். கடையில் துணி போர்த்திய சரக்கின் உரிமையாளரை நாம் அறிவோம், அதனால் தொடவில்லை. பார்க்காதவருடைய பொருளையும் அப்படியே விட்டு வைப்பதுதான் ஈமானுக்கு அடையாளம். மறைவானதை நம்புகிறவர்கள் அல்லவா நாம்!

அடியாரின் ஹக்கில் இஸ்திக்ஃபார் மட்டும் போதாது. முதலில் நிறுத்துங்கள், கைப்பேசியில் இருப்பதை அழித்துவிட்டு அந்த குரூப்களிலிருந்து வெளியேறுங்கள். பரப்பியவர்கள் பதிவுகளை நீக்கி, வாங்கியவர்களிடமும் இது தவறு என்று சொல்லுங்கள். கள்ளப் பிரதியாக வைத்திருக்கும் நூலில் உங்களுக்குப் பயனுள்ளதற்கு ஒரு பிரதி வாங்குங்கள். தொழிலுக்கான மென்பொருளுக்கு உரிமம் வாங்குங்கள். முடியாதென்றால் முறையாகவே இலவசமாகத் தரப்படும் மென்பொருள்களுக்கு மாறுங்கள். உரிமையாளரை எந்த வகையிலும் அடைய முடியாதபோது, அவர் சார்பில் ஏழைகளுக்கு தர்மம் செய்யுங்கள். டிக்கெட் வாங்கிப் படம் பாருங்கள் என்று மிம்பரிலிருந்து நான் சொல்லவில்லை. பார்க்காமல் இருப்பதற்குக் காசு செலவில்லை, பாவமும் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

யா அல்லாஹ்! தெரிந்தவர், தெரியாதவர் அனைவருடைய ஹக்கையும் பேணும் உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக. எங்கள் கண்ணையும் காதையும் கையையும் ஹராமிலிருந்து காப்பாயாக. எங்கள் பிள்ளைகளின் ரிஸ்க்கை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வாயாக. யாருடைய கடனும் இல்லாமல் உன்னைச் சந்திக்கும் பாக்கியத்தை எங்கள் அனைவருக்கும் நஸீபாக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.